மீசைக்காரர் ஜெயித்த பந்தயம்

பந்தயத்தில் தோற்றவன் மீசையை எடுப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஜெயித்தவன் போய் மழித்துக்கொண்டு வந்து நின்றதை எங்காவது கேள்விப்பட்டதுண்டா? சைலன்சர் கடை மீசைக்காரர் அதைத்தான் செய்தார். அதுவும் சாதாரண மீசையா அது! இரண்டு பக்கமும் மேலே பார்த்து முறுக்கி நிற்கும். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு வலது நுனி மட்டும் எப்போதும் லேசாகக் கருகியிருக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "மீசை கடை எங்கே?" என்று கேட்டால் போதும், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள்.

ஆள் வேலையில் கெட்டி. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. தகரக் கூரை, நடுவில் வண்டிக்கு அடியில் இறங்கி நிற்க ஒரு பள்ளம், சுவரோரம் பருமன் வாரியாகச் சாத்திய குழாய்கள். அவர் வளைத்த குழாயில் ஒரு சுருக்கம் இருக்காது. வேலை முடிந்ததும் வண்டியை உறுமவிட்டுப் பின்னால் குந்தி உட்கார்ந்து, குழாய் வாயில் உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டி மூச்சு விடும் லட்சணம் அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். "சாமி ஆசீர்வாதம் பண்றார், எல்லாரும் கும்பிட்டுக்கோங்கப்பா" என்று தெருவில் போகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கையெல்லாம் தங்கம்தான். நாக்கில்தான் சனி. யாரையாவது ஏமாற்றி முழிக்க வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அந்தச் சனி அதிகமாகப் பிடித்து ஆட்டியது அவர் மச்சினனை, அதாவது மனைவியின் தம்பியை. அத்தான் மச்சான் என்றால் கிண்டல் இருக்கத்தான் செய்யும், இல்லையென்றால் அது என்ன உறவு? ஆனால் இவர் அதற்கு ஒரு அளவே வைத்துக்கொள்ளவில்லை. மச்சினன் புதுச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் செய்து, "சக்கரத்துல நட்டு இறுக்க மறந்துட்டேன்டா, நிறுத்து நிறுத்து" என்று அலறினார். பாவம், அவன் சேற்றில் மண்டியிட்டு நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தான். ஒரு நட்டும் தளரவில்லை. இன்னொரு தடவை, "கடை தீப்பிடிச்சிருச்சு தம்பி, ஓடி வாடா" என்று மனைவியையே அழவைத்துப் பேசச் சொன்னார். அவன் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு தெருவெல்லாம் சிந்திக்கொண்டு ஓடிவந்தான். கடையில் அவனுடைய பிறந்தநாளுக்குக் கேக் வைத்திருந்தார்கள். அந்த வாளிக் கதையை இன்றைக்குச் சொன்னாலும் தெரு சிரிக்கும்.

மச்சினனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "இனிமே அத்தான் பேச்சக் கேட்டு நான் வண்டிய நிறுத்தினா என்னைச் செருப்பால அடிங்க."

இந்த மச்சினன் ஒரு பழைய பெரிய கார் வாங்கினான். எஞ்சினில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று சிலிண்டர்கள். இரண்டு பக்கத்துப் புகையும் வண்டிக்கடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே ஒல்லிக் குழாய் வழியாகத்தான் வெளியே போனது. சமதரையில் பறக்கும், மேடு வந்தால் திணறும்.

"ரெண்டு ஆளுக்கு ஒரே மூக்கு வெச்சா எப்படிடா மூச்சு விடுவான்?" என்றார் மீசைக்காரர். "ஆளுக்கொரு மூக்கு வெச்சுடுவோம். அப்புறம் பாரு, மலையில மான் மாதிரி ஏறும்."

பழைய குழாயை அறுத்தெறிந்தார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பருமனான குழாய், தனித்தனியாகப் புதுச் சைலன்சர். நடுவில் இரண்டையும் இணைத்து ஒரு குட்டையான குறுக்குக் குழாய். ஒரு பக்கம் திணறினால் மறுபக்கம் கைகொடுக்கும் என்று மச்சினனுக்கு விளக்கினார். பழைய குழாயைத் தாங்கிய கொக்கிகளைக் கழற்றியதில், பின் சீட்டுக்கு அடியில் காரின் தரைத்தகட்டில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன. அடைக்க ரப்பர் மூடிகள் எடுத்து மேஜை மேல் வைத்தார். குழாய் இணைப்புகளைப் பிடிக்கும் கிளாம்புகளைக் கையால் மட்டும் முடுக்கி விட்டார். அது அவருடைய வழக்கம். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடாகித் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர் போட்டு இறுக்குவார். மூடி அடைப்பதும் அதற்குப் பிறகுதான்.

இத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. மச்சினன் வாசலில் நின்று, "முடிஞ்சுதா அத்தான், முடிஞ்சுதா அத்தான்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். குடும்பத்தோடு மலைமேல் மாமனார் வீட்டுக்குப் போக அவனுக்கு அவசரம். அந்த முகத்தைப் பார்த்ததும் மீசைக்காரருக்கு உள்ளே குறுகுறுத்தது. மனைவி பழைய நீலநிற நைட்டியைக் கிழித்துப் போட்டிருந்த துணியில் ஒன்றை நனைத்துச் சுருட்டி, இடது பின்குழாய்க்குள் வைத்து, ஒரு கம்பியால் வெளியே தெரியாத ஆழத்துக்குக் குத்தித் தள்ளினார். இவன் ஸ்டார்ட் பண்ணுவான், இடது பக்கம் ஊமையாக இருக்கும், அரை எஞ்சின் செத்துவிட்டது என்று அலறுவான், அப்போது கம்பியை விட்டு நீலத்துணியை உருவிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பள்ளத்திலிருந்து ஏறிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். "எல்லாம் முடிஞ்சுது மச்சான். ஸ்டார்ட் பண்ணிப் பாரு. முதல்ல கொஞ்ச நேரம் புதுப் பெயிண்ட் கருகுற நாத்தம் வரும், பயப்படாதே."

அதே நொடியில் ஒரு லாரி டிரைவர் உள்ளே ஓடிவந்தார். "அண்ணே, சைலன்சர் அறுந்து ரோட்டுல தேயுது, பொறி பறக்குது. நாற்சந்தியில நிக்கிறேன், எல்லாரும் என்னை அடிக்க வர்றாங்க!" மீசைக்காரர் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு, "இருடா, ஒரு நிமிஷம்" என்று ஓடினார்.

அந்த "இருடா" மச்சினன் காதில் விழவில்லை. "முடிஞ்சுது" மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

சைலன்சரைக் கம்பியால் கட்டி, லாரியைக் கடை வாசலுக்கு ஓட்டிவரச் செய்து அவர் திரும்பியபோது கார் நின்ற இடம் காலி. மாடிப்படியில் மனைவி இறங்கி வந்தாள்.

"கெளம்பிட்டாங்க. மழை வர்றதுக்குள்ள மலையேறணும்னான். நம்ம சிட்டு அவனுக்கு முன்னாடி பின் சீட்ல ஏறிப் படுத்துட்டா. நானும் அத்தை கூடப் போறேன்னு ஒரே அழுகை. சரி போய்ட்டு வான்னு அனுப்பிட்டேன்."

சிட்டு அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், முதலில் சிரிப்புத்தான் வந்தது. "தெருமுனை தாண்ட மாட்டான் பாரு. அத்தான் அத்தான்னு கத்திக்கிட்டு வருவான்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். லாரி டிரைவர் தண்ணீர் குடித்தார். தகரக் கூரையில் மழை தொடங்கியது. கார் வரவில்லை. சரி, லாரி வேலையையாவது பார்ப்போம் என்று ஸ்பானர் எடுக்க மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே இரண்டு ரப்பர் மூடிகளும் இருந்தன.

கை ஸ்பானருக்குப் போகாமல் நின்றுவிட்டது.

கார் ஏன் திரும்பவில்லை? ஓடுகிறது, அதனால்தான். இடது பக்கம் அடைத்தாலும் குறுக்குக் குழாய் வழியாக வலது பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு ஓடும். தானே வைத்த குழாய், தானே பெருமையடித்த குழாய், விளையாட்டுப் புத்தியில் அதை மறந்திருக்கிறார். அடைபட்ட மிச்சப் புகை சும்மா இருக்குமா? இறுக்காத கிளாம்ப் வழியாகப் பீறும். அதற்கு நேர் மேலே அடைக்காத இரண்டு ஓட்டைகள். ஓட்டைகளுக்கு மேல் பின் சீட்டு. சீட்டின் மேல் சிட்டு. வெளியே மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருக்கும். நாற்றம் வந்தாலும் புதுப் பெயிண்ட் என்று நினைத்துக்கொள்வான், அதையும் அவரேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புகையிலிருக்கும் ஆளைக் கொல்லும் வாயுவுக்கோ நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. சும்மா தாலாட்டித் தூங்க வைத்துவிடும்.

"அடிப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. போனை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. மச்சினன் மனைவிக்கு அடித்தார். அவளும் எடுக்கவில்லை.

"என்னங்க? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" மனைவி கேட்டாள்.

சொன்னார். அவள் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி அடிங்க" என்றாள்.

இந்த முறை மச்சினன் எடுத்தான். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அத்தான். என்னடா இன்னும் போன் வரலையேன்னு நெனச்சேன்."

"டேய், வண்டிய ஓரங்கட்டு. எல்லாரையும் கீழ இறக்கு. எடதுபக்கக் குழாயில துணி இருக்கு, புகை உள்ள வருது!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "துணி இருந்தா வண்டி எப்படி அத்தான் ஓடும்? பாதி மலை ஏறிட்டேன். கொஞ்சம் கனமா இழுக்குது, ஆனா சத்தமே இல்ல, கப்பல் மாதிரி போகுது. அன்னைக்கு நட்டு, இன்னைக்குத் துணியா?"

"விளையாடலடா! சத்தியமா சொல்றேன்!"

"போன தடவையும் சத்தியம் பண்ணீங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "தம்பி, தம்பி, அக்கா சொல்றேன்டா, நிறுத்துடா, புள்ளைய வெளிய தூக்குடா..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"அக்கா, கடை தீப்பிடிச்சப்பக்கூட நீ இவ்வளவு நல்லா நடிக்கல" என்றான் தம்பி. "இங்க எங்கயும் நிறுத்த முடியாது, பின்னாடி பஸ்ஸு ஒட்டிக்கிட்டே வருது. கத்தாதே. எல்லாரும் தூங்கறாங்க."

அவள் கையிலிருந்து போன் நழுவியது. மீசைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"யாரு தூங்கறாங்க?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரெண்டு பேரும்தான். சிட்டு ஏறின கொஞ்ச நேரத்துல படுத்தவ, அசையவே இல்ல. என் பொண்டாட்டியும் சாஞ்சுட்டா. எனக்கே கண்ணு சொக்குது அத்தான், தலை வேற விண்ணுன்னு இருக்கு. ராத்திரி சரியாத் தூங்கலல்ல."

புலி வருது, புலி வருது என்று ஊரைக் கூட்டிச் சிரித்தவர் மீசைக்காரர். புலி இப்போது பின் சீட்டில் மகள் பக்கத்தில் படுத்திருக்கிறது, யார் நம்புவார்கள்? கெஞ்சக் கெஞ்ச அவன் இன்னும் சிரிப்பான். அழுதால் நடிப்பு என்பான். உண்மையைச் சொல்லி இந்த மனிதனை நிறுத்த வழியே இல்லாமல் இத்தனை வருஷமாகத் தானே அடைத்து வைத்திருக்கிறோம் என்பது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அவன் நம்புவது ஒன்றைத்தான், அத்தானின் கிண்டலை.

லாரி டிரைவர் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வரவழைக்க அவர் பட்ட பாட்டை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிடா, கண்டுபிடிச்சுட்டே. கெட்டிக்காரன்தான்" என்றார். "ஆனா ஒண்ணு. உன் காரு ஊமைக் காரு மச்சான். ரெண்டு குழாயும் பாடற மாதிரி உனக்கு நான் செய்யவே இல்ல. ஒண்ணுதான் பாடும்."

"என்னது? அவ்வளவு பெரிய குழாய் வெச்சுட்டு?"

"பந்தயம் வெச்சுக்கலாமா? ரெண்டு குழாயும் பாடினா என் மீசைய எடுத்துடறேன்."

அந்தப் பக்கம் பாட்டு சட்டென்று நின்றது. "மீசையவா? அத்தான், வார்த்தை மாறக் கூடாது."

"மாற மாட்டேன். ஆனா ஒழுங்காக் கேக்கணும். ஒரு கண்ணாடிய இறக்கினா ஒரு பக்கம்தான் கேக்கும். நாலையும் முழுசா இறக்கு."

"மழை அடிக்குது அத்தான், எல்லாம் நனைஞ்சிடும்."

"பயந்துட்டியா? சரி விடு, ஊர்ல சொல்லிக்கிறேன்."

"யாரு பயந்தா?" என்றான் மச்சினன். போனில் காற்று சீறியது. மழையும் பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. மீசைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார், குரலை மட்டும் விடவில்லை. "கேக்குதா?"

"வலது பக்கம் கேக்குது. இடது பக்கம்... தெரியல."

"ஓட்டிக்கிட்டே எப்படித் தெரியும்? கொஞ்சம் ஒதுங்கி நிறுத்து. பின்னாடி போய் ரெண்டு குழாயிலயும் கைய நீட்டிப் பாரு, நான் பாக்குற மாதிரி. மீசை வேணுமா வேண்டாமா?"

ஏதோ முனகினான். கொஞ்ச நேரம் வெறும் காற்று. வண்டி குலுங்கி நின்றது. கதவு திறந்தது. "அத்தான், காலு தள்ளாடுது எனக்கு" என்றான் தூரத்திலிருந்து. பிறகு மழைச் சத்தம் மட்டும். மனைவி புருஷனின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"அத்தான்." குரல் மாறியிருந்தது. "இடது பக்கம் காத்தே வரல."

"அதுல துணி இருக்கு. நான்தான் வெச்சேன்" என்றார் மீசைக்காரர். "எஞ்சினை அணைச்சுட்டு ரெண்டு பேரையும் வெளிய இழுத்துப் போடு. மழையில நனைஞ்சாப் பரவால்ல. ஓடுடா!"

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. போன் எங்கேயோ விழுந்தது. யாரோ ஓடிவந்தார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களாக இருக்கும். ஒரு பெண் இருமினாள், மச்சினன் மனைவிதான். பிறகு "சிட்டு" என்று அவன் கூப்பிட்டான். "சிட்டு, கண்ணத் தெற. மாமாடா. சிட்டு." மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும். கடையில் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீசைக்காரர் கும்பிடக்கூடத் தைரியமில்லாமல் இருந்தார். எந்த முகத்தோடு கும்பிடுவது?

பிறகு குழந்தை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன அழுகை, "அம்மா" என்று. இணைப்பு அறுந்தது.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே என்கிட்ட ஒரு தமாஷ் பண்ணிப் பாரு" என்றாள். நீங்கள் போய், நீ வந்தது அன்றைக்குத்தான்.

லாரி டிரைவர்தான் இருவரையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். கம்பியால் கட்டிய சைலன்சர் முதல் மேட்டிலேயே மறுபடி அறுந்து விழுந்தது. "கெடக்கட்டும்ணே" என்று எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு ஓட்டினார். வழியெல்லாம் லாரி காது கிழிய உறுமியது. பேசினாலும் கேட்காது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்திருந்த மலைமேல் ஆஸ்பத்திரியில் சிட்டுவுக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்திருந்தார்கள். கன்னம் சிவந்து, கண் சொருகி, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள், காலையில் அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். அத்தைக்காரி பக்கத்துக் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சினன் அடிப்பான் என்றுதான் மீசைக்காரர் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக எதிரில் போய் நின்றார். அவன் சட்டைப் பையிலிருந்து நீலத்துணியை எடுத்தான். ஒரு முனை கருகியிருந்தது.

"குச்சி விட்டு எடுத்தேன். இந்தாங்க" என்றான். அடித்திருந்தால் தேவலை.

பஸ்ஸில் வந்த ஒருவர் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு ஓட்டிவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த காருக்கு அடியில், ஈரத்தரையில் முதுகைப் போட்டு மீசைக்காரர் உள்ளே போனார். கிளாம்புகளை இறுக்கினார். ரப்பர் மூடிகளை மறக்காமல் சட்டைப்பையில் போட்டு வந்திருந்தார். அவற்றால் ஓட்டைகளை அடைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் குந்தி, இரண்டு கையையும் இரண்டு குழாயிலும் நீட்டினார். இரண்டும் ஒன்றுபோல மூச்சு விட்டன. நல்ல வேலை. அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

காலையில் சிட்டுவை வெளியே அழைத்து வந்தபோது, எதிரிலிருந்த சலூனிலிருந்து ஒரு ஆள் வந்தான். மேலுதடு வெளிறிப்போய், முகம் சின்னதாகி, யாரோ போல இருந்தது. சிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்பா, மீசை எங்கப்பா?"

"பந்தயத்துல போச்சும்மா."

மச்சினன் அவரையே பார்த்தான். துணியைக் கொடுத்த பிறகு அவன் அத்தானோடு பேசியது அப்போதுதான். "இடது குழாய் பாடலையே அத்தான். ஜெயிச்சது நீங்கதானே?"

"ஆமா" என்றார் அவர். "நான் தோத்திருக்கணும்டா."

மச்சினன் வந்து அவர் தோளில் கை போட்டான்.

தலைக்கு வந்தது மீசையோடு போயிற்று என்று லாரி டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மீசைக்காரர் அதற்குப் பிறகு மீசை வளர்க்கவே இல்லை. கடைக்கு மட்டும் இன்றைக்கும் அதே பெயர்தான். புதிதாக வருகிறவர்கள் மீசையைத் தேடி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவர் பள்ளத்திலிருந்து தலையை நீட்டி, "என்ன வேலைப்பா?" என்று மட்டும் கேட்பார்.